பெயர் தனியார், பணம் பொது

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

"அமெரிக்கத் தென்மாநிலங்களில், கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கக் கூடாது என்பதற்காகவே தொடங்கிய வெள்ளையர் பள்ளிகளை வளர்த்தது பெற்றோர் கையா, அரசின் கஜானாவா?" இதுதான் தலைப்பு. கஜானாதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். "1959 ஜூனில் ஊர்ப் பள்ளிகள் மூடப்படுகின்றன. செப்டம்பரில் ஏறக்குறைய 1,500 பிள்ளைகளோடு தனிப்பள்ளி திறக்கிறது. முதல் ஆண்டு ஒரு பிள்ளையிடமும் கட்டணம் வாங்கவில்லை. மூன்றே மாதத்தில் இதைச் செய்தது பெற்றோர் சக்தி இல்லையா?" என்று கேட்டார். சரி, அந்தப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். இவ்வகைப் பள்ளிகளுக்கு அமெரிக்காவில் செக்ரிகேஷன் அகாடமி என்று பெயர். தென்மாநிலங்களில் பின்னால் முளைத்த நூற்றுக்கணக்கான செக்ரிகேஷன் அகாடமிகளுக்கு இதுதான் முன்மாதிரி. இதன் வரவு செலவு தெரிந்தால் மற்றவற்றின் வரவு செலவும் விளங்கிவிடும்.

மூன்றே மாதம் என்றார் சகோதரி. நடுவர் அவர்களே, மூன்று மாதம் அல்ல, நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டில் என்ன நடந்தது என்பதை அவர் தொடவே இல்லை. அங்கிருந்து தொடங்குகிறேன்.

பிரின்ஸ் எட்வர்ட் என்பது வர்ஜீனியாவின் தெற்கே புகையிலை விளையும் ஒரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பகுதி. அதன் தலைமையிடம் ஃபார்ம்வில் என்ற சிறு நகரம். அங்கே நிர்வாகம் எப்படி நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பள்ளிகளை நடத்துவது பள்ளி வாரியம். ஆனால் அந்த வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. வரி போட்டு, வசூலித்து, பள்ளி வாரியத்துக்குப் பணம் ஒதுக்குவது மேற்பார்வையாளர் வாரியம் என்ற இன்னொரு அமைப்பு. தண்ணீர்த் தொட்டி ஒருவரிடம், குழாய்ச் சாவி இன்னொருவரிடம். சாவி வைத்திருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள்.

ஃபார்ம்வில்லில் கறுப்பின மாணவர்களுக்கு ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. 1939இல் 180 பேருக்காகக் கட்டியது. 1951இல் அதில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதவில்லை என்றதும் கவுண்டி என்ன செய்தது? தார்க்காகிதம் போர்த்திய பலகைக் கொட்டகைகளைப் பள்ளி மைதானத்தில் போட்டுக் கொடுத்தது. உள்ளே சூட்டுக்கு ஓர் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை வெந்தது, எட்டி உட்கார்ந்த பிள்ளை கோட்டைக் கழற்றாமல் பாடம் கேட்டது. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி பள்ளி முழுவதையும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு வழக்கறிஞர்கள் வந்தார்கள். "நல்ல கட்டடம் கேட்டு வழக்கு வேண்டாம், பிரிவினையே ஒழிய வேண்டும் என்று கேட்பதானால் வருகிறோம்" என்றார்கள். மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்குப் பதிவானது. அந்த வழக்கும் மற்ற மாநிலங்களின் வழக்குகளும் சேர்ந்துதான் 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கின் தீர்ப்பாக வந்தன: அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1953இல், கவுண்டி எட்டு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய உயர்நிலைப் பள்ளி ஒன்றைக் கட்டியது. பிரிவினையைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்த விலை அது. தீர்ப்பு வந்த ஆறாம் ஆண்டில் அந்தப் புதிய கட்டடத்துக்கும் பூட்டுப் போடப் போகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1955 மே 31 அன்று உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் இரண்டாவது ஆணையைப் பிறப்பித்தது. தாமதத்துக்கு இடம் கொடுத்துவிட்ட ஆணை அது. அதே நாளில் பிரின்ஸ் எட்வர்டின் மேற்பார்வையாளர் வாரியம் கூடியது. பள்ளிகளுக்குச் சட்டப்படி கொடுத்தே தீரவேண்டிய குறைந்தபட்சத் தொகையான 1,50,000 டாலரை மட்டும் ஒதுக்கியது. பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை ஒதுக்கும் வழக்கத்தையே கைவிட்டு, மாதாமாதம் பணம் விடுவிக்கத் தொடங்கியது. ஏன் மாதாமாதம்? எந்த மாதம் நீதிமன்ற ஆணை வந்தாலும் அந்த மாதமே குழாயை மூடிவிடலாம். ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கியிருந்தால் பணம் பள்ளி வாரியத்தின் கைக்குப் போயிருக்கும், திரும்ப எடுக்க முடியாது. இதைச் செய்தது எந்தப் பெற்றோர் சங்கமும் அல்ல, நடுவர் அவர்களே. அரசு அமைப்பு.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 7 அன்று, ஃபார்ம்வில்லின் லாங்வுட் கல்லூரி அரங்கில் வெள்ளையர் கூட்டம் நடந்தது. அங்கேதான் தனிப்பள்ளிக்கான கழகம் உருவானது. முதலில் எதற்குப் பணம் திரட்டினார்கள்? கட்டடத்துக்கு அல்ல. பொதுப்பள்ளிகள் மூடப்பட்டாலும் வெள்ளை ஆசிரியர்களின் சம்பளம் நிற்காது என்று உறுதி கொடுக்க. இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாக்குறுதி சேர்ந்தது. விவரம் அறிந்தவர்கள் போட்ட திட்டம் இது. கட்டடம் எங்கேயாவது கிடைக்கும், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஊரைவிட்டுப் போய்விட்டால் பள்ளி கிடையாது. அந்தக் கூட்டத்திலேயே ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜேம்ஸ் பாஷ் எழுந்து, பொதுப்பள்ளியை மூடுவதை எதிர்த்துப் பேசினார். அவரும் வெள்ளையர்தான். அதன்பின் அவருக்கு அந்த ஊரில் இடமில்லாமல் போயிற்று. "பெற்றோரின் சுதந்திர விருப்பம்" என்று எதிரணி சொல்லும்போது மாற்றுக் கருத்துச் சொன்ன வெள்ளையருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மாநில அரசுக்கு வருகிறேன்.

வர்ஜீனியாவின் அரசியலமைப்பில் 141ஆம் பிரிவு என்று ஒன்று. பொதுப்பணத்தைத் தனியார் பள்ளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1955இல் மாநில உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டி, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு மானியம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததும் மாநிலம் என்ன செய்தது? 1956 ஜனவரியில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மார்ச்சில் தனி மாநாடு கூட்டி, அந்த 141ஆம் பிரிவையே திருத்தியது. பெற்றோர் பணத்தில், பெற்றோர் உழைப்பில் நடக்கப்போகும் பள்ளிக்காக ஒரு மாநிலம் தன் அரசியலமைப்பைத் திருத்த வேண்டிய தேவை என்ன? எதிரணி இதற்கு இதுவரை பதில் சொல்லவில்லை.

அதே ஆண்டில் செனட்டர் ஹாரி பேர்டின் அழைப்பின்பேரில் "பெரும் எதிர்ப்பு" என்ற கொள்கை மாநிலச் சட்டமாகவே வந்தது. எந்தப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளை ஒன்று சேர்ந்தாலும் அந்தப் பள்ளியை ஆளுநர் மூட வேண்டும், அரசு நிதி நிறுத்தப்படும். 1958 செப்டம்பரில் ஆளுநர் லிண்ட்சே ஆல்மண்ட் ஃபிரண்ட் ராயல், ஷார்லட்ஸ்வில், நார்ஃபோக் ஆகிய ஊர்களில் பள்ளிகளை மூடினார். நார்ஃபோக்கில் மட்டும் சுமார் 10,000 பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அந்தச் சட்டங்களைத் தள்ளுபடி செய்தன. பிப்ரவரி 2 அன்று நார்ஃபோக்கிலும் ஆர்லிங்டனிலும் 21 கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிகளுக்குள் நடந்து போனார்கள்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதை. முடியவில்லை. மாநிலச் சட்டமன்றம் வேறு வழி தேடியது. கட்டாயக் கல்விச் சட்டத்தை ரத்து செய்தது. பள்ளி நடத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊரின் விருப்பத்துக்கு விட்டது. இந்த இரண்டும் இல்லாமல் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி பிறந்திருக்க முடியாது. கட்டாயக் கல்விச் சட்டம் இருந்திருந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், பள்ளியே இல்லாத ஊரில் அது எப்படி நடக்கும்? நார்ஃபோக்கில் பள்ளியை மூடியது ஆளுநர், அதனால் நீதிமன்றம் பிடித்தது. பிரின்ஸ் எட்வர்டில் யாரும் பள்ளியை மூடவில்லை. வரி போடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். பணம் இல்லாத பள்ளி தானே மூடிக்கொண்டது.

1959 மே மாதம் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், வரும் செப்டம்பரில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. ஜூனில் மேற்பார்வையாளர் வாரியம் பள்ளிகளுக்கு ஒரு டாலரும் ஒதுக்க மறுத்தது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. புதிதாகக் கட்டிய மோட்டன் பள்ளி பூட்டப்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு? அகாடமி திறந்தது. சர்ச்சுகளின் அடித்தளங்களில், பழைய சினிமாக் கொட்டகையில், சங்கக் கட்டடங்களில், பதினைந்துக்கு மேற்பட்ட இடங்களில் வகுப்புகள். ஆசிரியர்கள் யார்? ஜூன் வரை அரசுச் சம்பளம் வாங்கிய அதே வெள்ளை ஆசிரியர்கள், ஏறக்குறைய எல்லோரும். 1955இலேயே சம்பள உறுதி பெற்றவர்கள். பாடம் அதே பாடம், வகுப்பு அதே வகுப்பு. பொதுச் செலவில் பல ஆண்டு பழகிய ஒரு பள்ளி அமைப்பு, பிள்ளையும் ஆசிரியருமாக அப்படியே இடம் பெயர்ந்தது. மூன்று மாதத்தில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை.

சகோதரி உழைப்பைச் சொன்னார். உண்மைதான், தன்னார்வலர்கள் உழைத்தார்கள். மேசை நாற்காலி சேர்த்தார்கள், நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு வாங்கினார்கள், பேருந்து ஏற்பாடு செய்தார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். முதல் ஆண்டு நன்கொடையில் நடந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த நன்கொடை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? கவுண்டியின் மிகப் பெரிய செலவே பள்ளிதான். பள்ளி வரி நின்றதும் சொத்து வரிவிகிதம் பெருமளவு குறைந்தது. நிலமும் கடையும் அதிகமாக வைத்திருந்தவர் கையில் அதிகமாக மிச்சமானது. அந்த மிச்சத்திலிருந்து ஒரு பங்கு அகாடமிக்கு நன்கொடையாகப் போனது. கறுப்பினக் குடும்பத்தின் பிள்ளைக்குச் சேர வேண்டிய பொது வரி, வெள்ளைக் குடும்பத்தின் தர்மமாக உருமாறி அகாடமியின் உண்டியலில் விழுந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இரண்டாம் ஆண்டு? இங்கேதான் எதிரணியின் வாதம் உடைகிறது. 1960இல் மாநிலச் சட்டமன்றம் புதிய மானியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மதச் சார்பில்லாத தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, தொடக்கப் பள்ளியானால் 125 டாலர், உயர்நிலைப் பள்ளியானால் 150 டாலர். அதன்மேல் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி தன் பங்காக ஒரு பிள்ளைக்கு 100 டாலர் சேர்த்தது. ஆக, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 225, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 250. ஒரு வீட்டில் இரண்டு சிறுவர்களும் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவியும் இருந்தால் ஆண்டுக்கு 700 டாலர் பொதுப்பணம் அந்த வீட்டு வழியாக அகாடமிக்குப் போனது. இன்னொன்றும் உண்டு. அகாடமிக்கு நன்கொடை கொடுத்தவர் அதைத் தன் சொத்து வரியில் 25 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று கவுண்டி விதி இயற்றியது. வரிக்கழிவு என்றால் என்ன? கவுண்டிக்குக் கட்ட வேண்டிய பணத்தை அகாடமியிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது.

1960-61 கல்வியாண்டில் அகாடமியை நடத்திய நிறுவனத்தின் முக்கிய வருவாயே இந்த மானியங்கள்தான். இதை நான் சொல்லவில்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

"இனம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் மானியம் உண்டு என்றுதானே சட்டம் சொன்னது? கறுப்பினக் குழந்தைகளுக்கும் தனிப்பள்ளி நடத்தித் தருகிறோம் என்று வெள்ளையர் முன்வந்தார்களே, அவர்கள் ஏன் மறுத்தார்கள்?" என்று எதிரணியின் முதல் பேச்சாளர் கேட்டார். நியாயமான கேள்வி போலத் தோன்றும். அதற்கான நிறுவனத்தை வெள்ளைத் தலைவர்கள் 1959 முடிவில் பதிவுசெய்தார்கள். விண்ணப்பம் வந்தது ஒன்றே ஒன்று. காரணம் எளிது. கறுப்பினப் பெற்றோர் அப்போது நீதிமன்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது பொதுப்பள்ளியை. தனிப்பள்ளியை ஏற்றுக்கொண்டால், "பொதுப்பள்ளி இல்லாததால் யாருக்கும் இழப்பில்லை, எல்லோரும் படிக்கிறார்கள்" என்று கவுண்டி வழக்கை முடித்துவிடும். பாதிரியார் ஃபிரான்சிஸ் கிரிஃபின் தலைமையில் அவர்கள் கசப்பான முடிவொன்றை எடுத்தார்கள்: பிள்ளைகளின் படிப்பு நின்றாலும் வழக்கு நிற்கக் கூடாது.

அந்த முடிவின் விலையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சர்ச்சுகளில் பயிற்சி மையங்கள் நடத்தினார்கள். அவற்றைப் பள்ளி என்று அழைக்காமல் கவனமாக இருந்தார்கள், வழக்குக்கு ஊறு வரக்கூடாது என்று. பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த சுமார் 60 பேர் வட கரோலினாவில் உள்ள கிட்ரெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையின் சேவைக் குழு இன்னும் பல பிள்ளைகளை வேறு மாநிலங்களில் முன்பின் அறியாத குடும்பங்களின் வீடுகளில் தங்கிப் படிக்க ஏற்பாடு செய்தது. பக்கத்துக் கவுண்டிகளில் உறவினர் வீடு இருந்தவர்கள் அங்கே போனார்கள். மிச்சமிருந்தவர்கள், அவர்களே பெரும்பாலானோர், வீட்டில் இருந்தார்கள், அல்லது புகையிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1959இல் ஆறு வயதான குழந்தை முதன்முதலில் எழுத்தைப் பார்க்கும்போது அதற்குப் பத்து வயது. 1963 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, உலகில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்களைப் பட்டியலிட்டார். சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், கடைசியாகப் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி.

அந்த ஆண்டு செப்டம்பரில்தான், நன்கொடையில் இயங்கிய இலவசப் பள்ளிச் சங்கம் ஒன்று நீல் சல்லிவன் தலைமையில் வகுப்புகளைத் திறந்தது. ஓராண்டுக்கு மட்டும். அதன் வாசல் எல்லா இனத்துக்கும் திறந்திருந்தது. தொடக்கத்தில் வந்து சேர்ந்த வெள்ளைப் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தனியார் பணத்தில் நடந்த பள்ளிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், எதிரணி அன்பர்களே, இதைச் சொல்லுங்கள். அது உண்மையிலேயே தனியார் பணம்.

இப்போது எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். 1961இல் நீதிபதி ஓரன் லூயிஸ், பொதுப்பள்ளிகள் மூடிக் கிடக்கும்வரை கவுண்டி மானியமும் தரக் கூடாது, வரிக்கழிவும் தரக் கூடாது என்று தடுத்துவிட்டார். அதன் பிறகும் அகாடமி நடந்ததே, அப்படியானால் பெற்றோர் பணத்தில்தானே நடந்தது என்பார்கள். நடந்தது. பெற்றோர் கட்டணம் கட்டினார்கள். ஆனால் எல்லா வெள்ளைப் பெற்றோராலும் கட்ட முடியவில்லை. ஏழை வெள்ளை விவசாயியின் பிள்ளை சில, பள்ளியே இல்லாமல் நின்றது. பொதுப்பணம் விலகிய உடனே அகாடமி "எல்லா வெள்ளையருக்கும்" என்ற நிலையிலிருந்து "கட்ட முடிந்த வெள்ளையருக்கு" என்று சுருங்கத் தொடங்கியது. அப்போதும் கூட்டாட்சி வரிவிலக்கு தொடவே படவில்லை. பொது வரி போடாமல் விட்ட சலுகையும் அப்படியே இருந்தது. மூன்று தூணில் ஒன்றை எடுத்தார்கள், இரண்டில் நின்றது.

மிஸிஸிப்பியைப் பாருங்கள். 1964இல் அந்த மாநிலம் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 185 டாலர் வரை மானியம் என்று சட்டம் இயற்றியது. 1963-64இல் அங்கே கத்தோலிக்கர் அல்லாத தனியார் பள்ளிகள் 17. 1969 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனியும் தாமதம் கூடாது, உடனே ஒருங்கிணைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1970 செப்டம்பரில் அந்தப் பள்ளிகளின் எண்ணிக்கை 155. சுமார் 42,000 பிள்ளைகள், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். மானியத்தை நீதிமன்றம் அதற்குள் நிறுத்திவிட்டது. ஆனாலும் பாடப்புத்தகம்? மாநில அரசு அந்தப் பள்ளிகளுக்கும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த 1973இல் நார்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றமே வரவேண்டியிருந்தது. புத்தகம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பள்ளி தொடங்கும் எவருக்கும் முதல் ஆண்டில் கையைக் கடிக்கும் செலவுகளில் அதுவும் ஒன்று.

வரிவிலக்கு என்று சொன்னேன், விளக்க வேண்டும். தர்ம நிறுவனமாக அங்கீகரிக்கப்பட்ட பள்ளிக்கு ஒருவர் 1,000 டாலர் நன்கொடை கொடுக்கிறார். அந்த 1,000 டாலர் அவருடைய வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அவருடைய வரி விகிதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 300 டாலர் வரி மிச்சம். அவர் சட்டைப்பையிலிருந்து உண்மையில் போனது 700. மீதி 300ஐக் கொடுத்தது நாட்டின் கருவூலம், அதாவது கறுப்பின மக்களும் சேர்ந்து வரி கட்டிய கருவூலம். மிஸிஸிப்பியின் கறுப்பினப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1970இல் வருமான வரித்துறை கொள்கையை மாற்றியது. 1971இல் கிரீன் வழக்கின் தீர்ப்பு அதை உறுதி செய்தது: இனம் பார்த்து ஒதுக்கும் பள்ளி தர்ம நிறுவனம் அல்ல. 1976இல் ரன்யன் வழக்கில், இனத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுப்பதே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கும் வர்ஜீனியாவில் பிறந்ததுதான்.

பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ன செய்தது? 1976இல் சட்டமே சொல்லிவிட்டது. கதவு திறக்கவில்லை. வரிவிலக்கு போனது. நீதிமன்றம் போனார்கள், 1979இல் தோற்றார்கள். 1981இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. 1983இல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கில், இனம் பார்க்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து கடைசி நம்பிக்கையும் போனது. நன்கொடை வற்றியது. 1980களின் நடுவில் அகாடமி தன் சேர்க்கைக் கொள்கையை மாற்றி எழுதியது, வரிவிலக்கு திரும்பியது, 1986இல் முதல் கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தார்கள். கால வரிசையைக் கவனியுங்கள். 1954 தீர்ப்புக்கு அசையவில்லை, கடைசியில் நான் சொல்லப்போகும் 1964 தீர்ப்புக்கு அசையவில்லை, 1976 தீர்ப்புக்கு அசையவில்லை. வரிவிலக்கு போனபின் அசைந்தது. எந்தத் தூணை எடுத்தால் கூரை இறங்குகிறதோ அந்தத் தூண்தான் கூரையைத் தாங்கியது. பின்னர் அதே கவுண்டியில் பிறந்து பெரும் தொழிலதிபரான ஜே. பி. ஃபியூக்வா கோடி டாலர் அளவில் நன்கொடை கொடுத்தார். 1993இல் பள்ளி ஃபியூக்வா பள்ளி என்று பெயர் மாறி, இன்றும் நடக்கிறது, எல்லா இனப் பிள்ளைகளோடும்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டே நிமிடம், நடுவர் அவர்களே.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். 1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம், பிரின்ஸ் எட்வர்டின் கறுப்பினப் பெற்றோர் நடத்திய கிரிஃபின் வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதினார். தாமதத்துக்கான காலம் முடிந்துவிட்டது, தேவைப்பட்டால் மேற்பார்வையாளர்களை வரி போடச் சொல்லியே கீழ்நீதிமன்றம் ஆணையிடலாம் என்றார். வேறு வழியில்லாமல் ஜூனில் வாரியம் கூடி நிதி ஒதுக்கியது. ஐந்து ஆண்டு மூடிக் கிடந்து, 1,500 பிள்ளைகளோடு திறக்கப்போகும் பொதுப்பள்ளிகளுக்கு 1,89,000 டாலர். தனியார் பள்ளிப் பிள்ளைகளின் மானியத்துக்கு 3,75,000 டாலர். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மானியத்தைத் தடுக்க வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோரின் வழக்கறிஞர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியிருந்தார்கள். தடையாணை எந்த நேரமும் வரலாம். ஆகஸ்ட் 4 அன்று இரவு மேற்பார்வையாளர் வாரியம் கூடியது. வெள்ளைப் பெற்றோருக்கு இரவோடிரவாகச் சேதி போனது. தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார்கள். விடிவதற்குள் காசோலைகள் கைமாறின. காலை ஒன்பது மணிக்குள் சுமார் 1,80,000 டாலர் கஜானாவிலிருந்து போய்விட்டது. இதற்காக அந்த வாரிய உறுப்பினர்கள் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று 1966இல் தீர்ப்பானது. பணத்தைக் கவுண்டிக்குத் திருப்பிச் சேர்க்க வேண்டும் என்றும் ஆணையானது.

பெற்றோரின் உழைப்பிலேயே, பெற்றோரின் பணத்திலேயே அந்தப் பள்ளி நின்றது என்றால், அந்த இரவில் அவ்வளவு பேரும் எதற்காகக் கஜானா வாசலில் வரிசையில் நின்றார்கள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.